அடைப்பு நீங்கிய பின்னும் மூச்சு வாங்குவது ஏன்? இதயத்தின் தளர்வுத்திறன் குறித்த ஒரு விளக்கம்

"அடைப்ப எடுத்து ஸ்டென்ட் வெச்சாச்சுங்க. எக்கோவுலயும் பம்பிங் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆனா ரெண்டு மாடி ஏறுனா மூச்சு வாங்குதுங்களே?"

கொங்குப் பகுதியின் எந்த அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலும் இக்கேள்வியைக் கேட்கலாம். கேட்பவரின் கையில் இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று, தமனி முழுமையாகத் திறக்கப்பட்டது என்று கூறும் ஆஞ்சியோபிளாஸ்டி அறிக்கை. மற்றொன்று, இதயத்தின் வெளியேற்றும் திறன் 60 சதவீதம் என்று கூறும் எக்கோ அறிக்கை. இரண்டும் சரியாக இருக்க, உடல் மட்டும் வேறொன்று சொல்கிறது. இத்தகையவர்களுள் பலரிடம் அந்த எக்கோ அறிக்கையின் கடைசி வரிகளில் ஒரு குறிப்பு காணப்படும்: "கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்க்ஷன்". இதயத்தின் தளர்வுத்திறன் குறைந்துள்ளது என்பது அதன் பொருள்.

இதயத் தமனி அடைப்பை நீக்கும் சிகிச்சை இத்தளர்வுத்திறனை எந்த அளவுக்கு மீட்கிறது, எதை மீட்பதில்லை, மீளாத பகுதிக்கு நோயாளியும் மருத்துவத் துறையும் செய்ய வேண்டியவை யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தளர்வு என்பது ஓய்வு அன்று

இதயத்தின் பணியை நாம் பெரும்பாலும் சுருக்கத்தைக் கொண்டே எண்ணிப் பார்க்கிறோம். ஆனால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கும் இதயத்தில் ஒவ்வொரு துடிப்புச் சுற்றும் 0.8 வினாடி நீடிக்கிறது. அதில் சுருக்கத்திற்குச் செலவாவது சுமார் 0.3 வினாடி; எஞ்சிய 0.5 வினாடி தளர்வுக்கு உரியது. நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் இடது கீழறையை நிரப்புவது இந்த நேரத்தில்தான்.

மோட்டார் பம்ப் தொழிலுக்குப் பெயர் பெற்ற பீளமேட்டு மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. மோட்டார் எவ்வளவு வலுவாகச் சுழன்றாலும், உறிஞ்சும் பக்கத்தில் நீர் வந்து சேராவிட்டால் மேலே தண்ணீர் ஏறாது. இதயமும் அவ்வாறே. உள்ளே வராத இரத்தத்தை அதனால் வெளியே அனுப்ப இயலாது.

தளர்வு தானாக நிகழ்வதாகத் தோன்றினாலும் அது ஆற்றலைச் செலவழிக்கும் செயல். இதயத் தசைச் செல்லுக்குள் கால்சியம் பெருகும்போது தசை சுருங்குகிறது. அந்தக் கால்சியத்தை மீண்டும் அதன் சேமிப்பறைக்குள் ஏற்றினால்தான் தசை தளரும். செல்லுக்குள் உள்ள நுண்ணிய புரத பம்புகள் இப்பணியைச் செய்கின்றன. அவை இயங்குவதற்கு ஆற்றல் தேவை. ஆற்றலுக்கு ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜனுக்குத் தமனி வழியே இரத்தம் வர வேண்டும். எனவே இரத்த ஓட்டம் குறைந்தால் தளர்வு தடைபடுகிறது.

இதில் மற்றொரு பிணைப்பும் உண்டு. இடது கீழறைச் சுவருக்கான இரத்தத்தின் பெரும்பகுதி, இதயம் தளர்ந்திருக்கும்போதுதான் தமனிகள் வழியே உள்ளே பாய்கிறது. சுருங்கும்போது தசையே தன்னுள் ஓடும் குழாய்களை நெரித்துவிடுகிறது. ஆகவே இரத்தம் குறைந்தால் தளர்வு கெடும். தளர்வு கெட்டால் இரத்தம் மேலும் குறையும். அடைப்பை நீக்கும் சிகிச்சை இந்தச் சுழற்சியை ஓரிடத்தில் அறுக்கிறது.

அடைப்பின்போது முதலில் பாதிக்கப்படுவது

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் கிரன்ட்சிக், விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயத் தமனி அடைப்பை முதன்முறையாக பலூன் கொண்டு விரித்தார். இந்தச் சிகிச்சை, மருத்துவ உலகிற்கு ஒரு புதிய அறிவையும் அளித்தது. பலூன் ஊதப்பட்டிருக்கும் சிறிது நேரம் தமனி முழுமையாக அடைபடுகிறது. அந்த நேரத்தில் இதயத்தில் எவை எந்த வரிசையில் நிகழ்கின்றன என்பதை நேரடியாக அளக்க முடிந்தது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய மருத்துவர் உல்ரிச் சிக்வார்ட் குழுவினர் 1984-இல் அந்த வரிசையை விவரித்தனர். முதலில் தளர்வு குறைகிறது. அடுத்து, சுருக்கம் குறைகிறது. பின்னர், கீழறையின் உள் அழுத்தம் உயர்கிறது. அதன் பிறகே ஈ.சி.ஜி.யில் மாற்றம் தோன்றுகிறது. நெஞ்சுவலி வருவது கடைசியில்தான். இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் நிகழ்ந்துவிடுகின்றன. பலூனைச் சுருக்கியதும் பெரும்பாலும் யாவும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. மனிதரின் இதயத் தமனியில் 1986-இல் முதன்முதலாக ஸ்டென்ட் பொருத்திய மருத்துவர்களுள் சிக்வார்ட்டும் ஒருவர்.

இவ்வரிசையிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. நெஞ்சுவலி என்பது வரிசையின் இறுதியில் ஒலிக்கும் மணி. அதற்கு முன்பே தளர்வு குறைந்து, நுரையீரலில் அழுத்தம் ஏறி, மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கலாம். குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டுமே இதய நோயின் அறிகுறியாக அமைவதுண்டு.

அடைப்பை நீக்கினால் தளர்வு மீளுமா?

இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. அடைப்பு எவ்வகையானது, எவ்வளவு காலம் இருந்தது, அதற்குப் பின்னால் உள்ள தசை உயிரோடு உள்ளதா என்பவற்றைப் பொறுத்து விடை மாறும். மூன்று நிலைகளாகப் பிரித்துக் காண்பது பயனுள்ளது.

முதல் நிலை, தசை இறவாமல் இரத்தப் பற்றாக்குறையால் மட்டும் தளர்வு குறைந்திருப்பது. 1982-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒரு தமனியில் மட்டும் அடைப்பு இருந்தவர்களை பலூன் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தனர். சுருக்கும் திறன் இயல்பாகவே இருந்த அவர்களிடம் கீழறை நிரம்பும் வேகம் குறைந்திருந்தது. சிகிச்சைக்குப் பின் அது மேம்பட்டது. அதன் பின்னர் எக்கோ கருவியின் உதவியோடு நடந்த பல சிறிய ஆய்வுகளும் இதே திசையில் முடிவுகளைத் தந்துள்ளன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கொண்டவை. ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. சிகிச்சையோடு சேர்த்து மாத்திரைகளும் தொடங்கப்படுவதால், முன்னேற்றத்தில் ஸ்டென்டின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்பதை அவற்றைக் கொண்டு பிரித்தறிய இயலாது.

இரண்டாம் நிலை மாரடைப்பு. இங்கு தமனி திடீரென முழுமையாக அடைபடுகிறது. சில பத்து நிமிடங்களில் தசை உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி இறக்கத் தொடங்குகிறது. விரைவாகத் திறந்தால் எஞ்சிய தசை பிழைக்கும். பிழைத்த தசையும் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அது சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை செயல் மந்தமாக இருந்து, பின்னரே சுருக்கமும் தளர்வும் படிப்படியாக மீள்கின்றன. சிலருக்குப் பெரிய தமனி திறந்த பின்னும் அதன் கீழுள்ள நுண்குழாய்களில் ஓட்டம் திரும்புவதில்லை. இறந்த தசை இருந்த இடத்தில் தழும்பு உருவாகிறது. தழும்பு சுருங்குவதுமில்லை; தளர்வதுமில்லை. மாரடைப்பிற்குப் பின் கீழறை மிகக் கடினமாகி, இரத்தம் நிரம்புவதே தடைபடும் நிலை ஏற்படுபவர்களுக்கு உயிரிழப்பு அபாயம் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது.

மூன்றாம் நிலை, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அடைப்புகளால் இதயத் தசை ஏற்கெனவே மிகவும் பலவீனமடைந்திருப்பது. பிரிட்டனில் வெளியேற்றும் திறன் 35 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த 700 பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ரிவைவ்ட் ஆய்வில், நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டும் சேர்த்து அளித்தது இறப்பையோ இதயச் செயலிழப்புக்கான மருத்துவமனைச் சேர்க்கையையோ குறைக்கவில்லை. சுருக்கும் திறனிலும் கூடுதல் முன்னேற்றம் இல்லை. இத்தகையோருள் தகுதியுள்ளவர்களுக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நீண்ட கால நோக்கில் ஆயுளைக் கூட்டுகிறது என்று 1,212 பேரிடம் நடந்த ஸ்டிச் ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2016-இல் காட்டின. ஆகவே எவருக்கு எது என்பதை மருத்துவர் குழுவே முடிவு செய்ய வேண்டும்.

மாரடைப்பு இல்லாத, நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களைப் பொறுத்தவரை இரண்டு ஆய்வுகளை அறிந்திருத்தல் நன்று. 5,179 பேர் பங்கேற்ற இஸ்கீமியா ஆய்வு 2020-இல் முழுமையாக வெளியானது. மருந்துடன் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் சேர்த்துப் பெற்றவர்களுக்கு நெஞ்சுவலி குறைந்தது. ஆனால் மரணமும் மாரடைப்பும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இடது முதன்மைத் தமனியில் கடுமையான அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது. 301 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆர்பிட்டா-2 ஆய்வு, போலிச் சிகிச்சையுடன் ஒப்பிட்டு, ஸ்டென்ட் நெஞ்சுவலியை உண்மையாகவே குறைக்கிறது என்று நிறுவியது.

சுருங்கக் கூறின், இரத்தப் பற்றாக்குறையால் விளைந்த தளர்வுக் குறைவை ஸ்டென்ட் மாற்றக்கூடும். தசையின் கட்டமைப்பே மாறியதால் விளைந்த விறைப்பை அது மாற்றாது.

நேரமே தசை: கோவை மண்டலத்தின் அனுபவம்

மாரடைப்பில் தளர்வுத்திறனைக் காப்பதற்கான மிகப் பெரிய வாய்ப்பு, முதல் சில மணி நேரத்தில்தான் உள்ளது. பீளமேட்டில் அவிநாசி சாலையை ஒட்டி வசிப்பவருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மருத்துவமனை சில நிமிடத் தொலைவில் இருக்கும். அதே மாவட்டத்தின் வால்பாறையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டால், ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே சமவெளிக்கு வர வேண்டும். நோய் கண்டறிந்த 120 நிமிடங்களுக்குள் பலூன் சிகிச்சை அளிக்க இயலாத இடங்களில், இரத்த உறைவைக் கரைக்கும் ஊசியை முதலில் செலுத்தி, அதன் பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே ஏற்கப்பட்ட வழிமுறை.

இந்த வழிமுறையை ஒரு மாநில அளவிலான அமைப்பாக மாற்ற முடியுமா என்பதைச் சோதித்ததில் கோவைக்கு முக்கியப் பங்குண்டு. கோவையைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம், சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மையங்களுடன் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல இணைத்தது. நான்கு தொகுப்புகளில் 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் பெறப்பட்ட அதன் முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டோர் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாகவும், ஆஞ்சியோபிளாஸ்டி பெற்றோர் 29.5 சதவீதத்திலிருந்து 46.3 சதவீதமாகவும் உயர்ந்தனர்.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. மருத்துவமனையில் இருக்கும்போது நிகழ்ந்த இறப்பில் மாற்றம் ஏதும் இல்லை. திட்டத்திற்கு முன் 5.6 சதவீதம், பின் 5.8 சதவீதம். ஆனால் ஓராண்டுக்குள் நிகழ்ந்த இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. இதற்குத் தளர்வுத்திறன் மீண்டதே காரணம் என்று அவ்வாய்வு கூறவில்லை. அதனை அது அளக்கவும் இல்லை. எனினும் ஒன்றை அது தெளிவாக உணர்த்துகிறது. மாரடைப்புச் சிகிச்சையின் வெற்றி தோல்வி, நோயாளி வீடு திரும்பும் நாளில் முடிவதில்லை. அதற்குப் பின் வரும் ஓராண்டில்தான் அது தீர்மானிக்கப்படுகிறது.

தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இந்நேர இடைவெளியை மேலும் குறைக்கும் முயற்சி. மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளின் முதல் தவணை வழங்கப்பட்டு, உடனே உயர் சிகிச்சைக்கு அனுப்பி வைக்கப்படுகின்றனர். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வியர்வை, காரணமற்ற மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், 'வாயுப் பிடிப்பு' என்று எண்ணி வீட்டிலேயே சோடாவும் சுக்கும் அருந்திக் காத்திருப்பது தசையை இழப்பதற்குச் சமம். 108-ஐ அழைக்க வேண்டும்.

ஸ்டென்ட் தீர்க்காத பகுதி

உயர் இரத்த அழுத்தம், பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால், இடது கீழறைச் சுவர் தடிக்கும். தடித்த சுவர் விறைப்பானது. நீரிழிவு, தசை நார்களுக்கு இடையே இணைப்புத் திசுவைப் பெருக்கி, நுண்குழாய்களையும் பாதிக்கிறது. இடுப்புப் பருமன், சிறுநீரக நோய், முதுமை ஆகியவையும் அதே திசையில் இழுக்கின்றன. இம்மாற்றங்கள், ஓரிரு சென்டிமீட்டர் நீளத் தமனி அடைப்பில் நிகழ்வன அல்ல. இதயத் தசை முழுவதிலும் பரவி நிகழ்பவை. ஆகவே அந்த ஓரிடத்தில் வைக்கப்படும் ஸ்டென்ட் இவற்றை எட்ட இயலாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் இன்டியாப் ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியப் பெரியவர்களுள் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவும் 35.5 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. இதயத் தமனி அடைப்பு ஏற்படுபவர்களிடம் இவ்விரண்டும் இன்னும் மிகுதி. எனவே, ஸ்டென்ட் வைத்த ஒருவரிடம் தளர்வுக் குறைவு காணப்பட்டால், அது அடைப்பால் வந்ததா, பல ஆண்டு அழுத்தத்தால் வந்ததா என்ற கேள்வி எழும். பலரிடம் இரண்டும் கலந்தே இருக்கும். அடைப்பால் வந்த பகுதி சில வாரங்களில் மேம்படும். எஞ்சியதே, மாடிப்படியில் மூச்சு வாங்குவதற்குக் காரணமாக நிற்பது.

மாடிப்படியில் மட்டும் ஏன்? நடக்கும்போதும் ஏறும்போதும் இதயத் துடிப்பு விரைகிறது. அப்போது சுருக்கத்தின் நேரத்தைவிடத் தளர்வின் நேரமே பெரிதும் குறுகுகிறது. நெகிழ்வான இதயம் அக்குறுகிய நேரத்திலும் நிரம்பிவிடும். விறைத்த இதயத்தால் அது முடியாது. அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்கு ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது. அமர்ந்தவுடன் துடிப்பு குறைந்து மூச்சும் சீராகிறது. படுத்த நிலையில், ஓய்வில் எடுக்கப்பட்ட எக்கோவில் எல்லாம் இயல்பாகத் தோன்றுவதற்கும் இதுவே ஒரு காரணம்.

எக்கோ அறிக்கையைப் படிக்கும் முறை

வெளியேற்றும் திறன் என்பது, நிரம்பிய இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதைக் காட்டும் அளவு. 60 சதவீதம் என்பது இயல்பானது. ஆனால் எவ்வளவு நிரம்பியது, எவ்வளவு அழுத்தத்தில் நிரம்பியது என்பதை அந்த எண் காட்டாது. அதற்கு வேறு அளவுகள் உள்ளன.

முதலாவது, தசைச் சுவர் தளரும் வேகம். இரண்டாவது, மைட்ரல் வால்வு வழியே இரத்தம் பாயும் வேகத்தை அந்தச் சுவரின் வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதம். இதன் சராசரி 14-க்கு மேல் இருந்தால் கீழறையின் நிரப்பு அழுத்தம் உயர்ந்திருக்க வாய்ப்புண்டு. மூன்றாவது, இடது மேலறையின் பருமன். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 34 மில்லிலிட்டருக்கு மேல் இருப்பது நீண்ட கால அழுத்தத்தின் தடயம். நான்காவது, வலப்புற வால்வில் கசியும் இரத்தத்தின் வேகம், வினாடிக்கு 2.8 மீட்டருக்கு மேல் இருந்தால் நுரையீரல் அழுத்தம் உயர்ந்துள்ளதைக் குறிக்கும். இவற்றைச் சேர்த்தே கிரேடு 1, 2, 3 என்று மருத்துவர் வகைப்படுத்துகிறார். எந்த ஓர் எண்ணையும் தனியே எடுத்து முடிவுக்கு வரலாகாது.

60 வயதைக் கடந்த பலருக்கும் கிரேடு 1 மாற்றம் எக்கோவில் காணப்படும். அறிகுறி ஏதும் இல்லாவிடில் அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும் என்ற நினைவூட்டலாகக் கொள்ளலாம். அதே வேளையில், மூச்சுத்திணறல் உள்ள ஒருவரிடம் அது காணப்பட்டால் 'வயசானா அப்படித்தான்' என்று கடந்து செல்வதும் தவறு. மாரடைப்பிற்குச் சிகிச்சை பெற்றவர்கள், தசையின் மந்த நிலை நீங்கிய பின், ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்களில் மீண்டும் ஒரு எக்கோ எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

மூச்சு வாங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு

எல்லா மூச்சுத்திணறலையும் தளர்வுக் குறைவின் கணக்கில் எழுதுவது ஆபத்தானது. ஸ்டென்டுக்குப் பின் தரப்படும் டிகாக்ரெலார் என்ற மாத்திரை, உட்கொள்வோரில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு மூச்சு வாங்கும் உணர்வை ஏற்படுத்துகிறது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சீரற்ற இதயத் துடிப்பு, சிறுநீரக நோய் ஆகியவையும் காரணமாகலாம். புகைப்பழக்கம் உடையவர்களுக்கும், பஞ்சாலைகளில் பல்லாண்டுகள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கும் நுரையீரல் பாதிப்பு இருக்கக்கூடும். நூற்பாலைகள் நிறைந்த நம் பகுதியில் மருத்துவர்கள் தொழில் வரலாற்றைக் கேட்டறிவது இன்றியமையாதது. வைத்த ஸ்டென்டிலேயே மறு அடைப்பு ஏற்படுவதும், வேறு தமனியில் புதிய அடைப்பு தோன்றுவதும் உண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை. மூச்சு வாங்குவது மாத்திரையால்தான் என்று ஐயம் எழுந்தாலும், அதனை நோயாளி தாமாக நிறுத்தலாகாது. இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் காக்கும் மருந்தைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரக்கூடும். மாற்று மருந்து உள்ளது. அதனை மருத்துவரே மாற்றித் தர வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் செய்ய வேண்டியவை

இரத்த அழுத்தத்தை 130/80-க்குக் கீழ் வைத்திருப்பது தளர்வுத்திறனைக் காக்கும் முதன்மையான வழி. தடித்த கீழறைச் சுவர், தொடர்ந்த சிகிச்சையால் ஓரளவு மெலிவதும் உண்டு. உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது வீட்டில் உள்ள அனைத்து உணவிலும் சேர்த்து ஒருவருக்கு ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்த வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத் தீனி ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் இக்கணக்கில் சேரும்.

மருத்துவர் அனுமதித்த பின், வாரத்திற்கு 150 நிமிடங்கள் மிதமான நடைப்பயிற்சி மேற்கொள்ளலாம். 'ஸ்டென்ட் வைத்தவர் அசையக் கூடாது' என்ற எண்ணம் தவறானது. படிப்படியான பயிற்சி, விறைத்த இதயம் உள்ளவர்களின் மூச்சு வாங்குதலைக் குறைத்து, நடக்கும் திறனைக் கூட்டுகிறது.

மருந்துகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் அண்மைக் காலத்தில் நிகழ்ந்துள்ளது. சுருக்கும் திறன் அதிகம் குறையாத இதயச் செயலிழப்புக்கு நீண்ட காலம் பயனுள்ள மருந்து கிடைக்கவில்லை. 2021-இல் 5,988 பேரிடம் நடந்த எம்பரர்-பிரிசர்வ்டு ஆய்வில், எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்து, இதய நோய் மரணம் அல்லது இதயச் செயலிழப்புக்கான மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றின் கூட்டு விகிதத்தை 17.1 சதவீதத்திலிருந்து 13.8 சதவீதமாகக் குறைத்தது. இப்பயன் நீரிழிவு இல்லாதவர்களுக்கும் கிடைத்தது. 2022-இல் டாபாகிளிஃப்ளோசினும் ஒத்த முடிவைத் தந்தது. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினுக்கான காப்புரிமை இந்தியாவில் முடிவடைந்ததால் பல நிறுவனங்கள் அதனைத் தயாரிக்கத் தொடங்கி, விலை பெரிதும் குறைந்துள்ளது. எனினும் இது அனைவருக்கும் உரிய மருந்தன்று. எக்கோவில் கிரேடு 1 என்று எழுதப்பட்டிருப்பது மட்டுமே இதனைத் தொடங்கப் போதிய காரணம் ஆகாது. முதல் வகை நீரிழிவு, அடிக்கடி வரும் பிறப்புறுப்புத் தொற்று, சிறுநீரகச் செயல்பாட்டின் நிலை ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

கால் வீக்கம், தட்டையாகப் படுக்க இயலாமை, நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுதல், மூன்று நாட்களில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடுதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ நெஞ்சுவலி சேர்ந்து வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

எண்ணப்பட வேண்டியவை

மத்திய அரசு 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்டின் விலை அப்போது 29,600 ரூபாயாகக் குறைந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இவற்றால் அடைப்பை நீக்கும் சிகிச்சை, ஒரு தலைமுறைக்கு முன் கனவிலும் எண்ணியிராத குடும்பங்களுக்கும் எட்டியுள்ளது. இது பெரும் சாதனை.

ஆனால் நாம் எண்ணிக்கொண்டிருப்பவை யாவை என்பதையும் பார்க்க வேண்டும். எத்தனை ஸ்டென்ட், எத்தனை நிமிடத்தில் பலூன், மருத்துவமனையில் எத்தனை இறப்பு என்பவை கணக்கில் ஏறுகின்றன. சிகிச்சை பெற்றவர்களுள் ஓராண்டுக்குப் பின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளவர்கள் எத்தனை பேர், மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் எத்தனை பேர், மூச்சுத்திணறலோடு வாழ்பவர்கள் எத்தனை பேர் என்பவையும் அதே அக்கறையோடு எண்ணப்பட வேண்டும். அதற்கான கட்டமைப்பு நம்மிடம் உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளர்கள், இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கின்றனர். ஸ்டென்ட் வைத்துத் திரும்பியவரின் பெயர் அவர்களின் பட்டியலில் முதல் வாரத்திலேயே சேருமானால், திறந்த தமனிக்குப் பின்னால் உள்ள தசையும் கவனிப்பைப் பெறும்.

நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டறிய வேண்டும். எக்கோவில் தளர்வுத்திறன் குறித்து என்ன எழுதப்பட்டுள்ளது? எனக்குரிய இரத்த அழுத்த இலக்கு எவ்வளவு? எந்த மாத்திரையை எத்தனை மாதம் நிறுத்தாமல் உட்கொள்ள வேண்டும்? அடுத்த எக்கோ எப்போது? இவற்றுக்கான விடைகளை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொள்வது நோயாளியின் உரிமை. அக்காகிதத்தை ஆஞ்சியோபிளாஸ்டி அறிக்கையோடு சேர்த்து வைத்து, அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.